கவினின் பல்லுக்குள் ஒரு காட்டு மரம்

குழு: நம்ம வீட்டுக்காரங்க (பட்டர்வொர்த் – ஆயர் ஈத்தாம், பினாங்கு, மலேசியா)

கவின்: பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வேர் சிகிச்சை முடிந்தது. வலி குறைந்திருக்கிறது.

மாலா சித்தி: நல்லதுய்யா. மரத்துப்போனது தெளியும்வரை சூடாக எதையும் குடிக்காதே, நாக்கைச் சுட்டுக்கொள்வாய். கஞ்சி கொடுத்துவிடவா?

கவின்: அம்மா வைத்துவிட்டார்கள் சித்தி. எனக்கு ஒன்று தெரியவேண்டும். பல்லின் வேருக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஊசி மாதிரி ஒரு குச்சியைச் செருகினார். என்னவென்று கேட்டேன். கட்டா பெர்ச்சா, ஒரு மரத்துப் பால் என்றார். பல்லுக்குள் மரப்பாலா?

சேகர் மாமா: அந்தப் பெயரை மலாயில் சொல்லிப் பார். கெத்தா பெர்ச்சா.

கவின்: ரப்பர் பாலுக்கு நாம் சொல்கிற அதே கெத்தாவா மாமா?

சேகர் மாமா: அதேதான். ஆங்கிலேயர் வாயில் புகுந்து அப்படி மாறிவிட்டது. ஆனால் இது பால்மரம், அதாவது ரப்பர் மரம் இல்லை. பால்மரம் பிரேசிலிலிருந்து வந்தது. இது இந்த மண்ணின் காட்டு மரம், மலாய்க்காரர்கள் தாபான் என்பார்கள். அந்தக் காலத்தில் இதன் பாலை வைத்துப் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற மருத்துவர் அதைப் பார்த்து வியந்து, 1843 வாக்கில் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். அதிலிருந்து ஆரம்பித்தது கதை.

யாழினி: ரப்பருக்கும் இதற்கும் அணுக்கள் ஒன்றேதான் தம்பி. ஐசோபிரீன் என்கிற ஒரே கண்ணியைத்தான் இரண்டு மரங்களும் சங்கிலியாகக் கோக்கின்றன. கோக்கிற விதம்தான் வேறு. ரப்பரில் சங்கிலி சுருண்டு கிடக்கும், அதனால் இழுத்தால் நீளும். தாபான் பாலில் சங்கிலிகள் நேராக அடுக்கிக்கொள்ளும், அதனால் கெட்டியாக இருக்கும். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி குழையும். ஆறினால், பிடித்து வைத்த உருவத்திலேயே இறுகிவிடும்.

யாழினி: உன் பல்லுக்குள் போன குச்சியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பால் இருக்கும்.

கவின்: அந்த ஒரு பங்குக்கே இவ்வளவு கதையா!

சேகர் மாமா: பொறு, இன்னும் கடலுக்குள்ளேயே போகவில்லை.

சேகர் மாமா: தந்தி வந்த புதிதில் தரையில் கம்பி இழுத்துவிட்டார்கள். கடலை எப்படித் தாண்டுவது? செம்புக் கம்பியை அப்படியே தண்ணீரில் போட்டால் மின்சாரம் கசிந்துவிடும். கம்பிக்கு மேல் எதையாவது போர்த்த வேண்டும். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் கெடாத பொருளாக, இந்தக் கெத்தாதான் கிடைத்தது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கம்பி போட்டார்கள். 1858-இல் அட்லாண்டிக்குக்குக் குறுக்கே. விக்டோரியா ராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய வாழ்த்தில் 98 சொற்கள். அது போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது.

மாலா சித்தி: நான் காலையில் அனுப்பிய படம் ஒரு நொடியில் போய்விட்டதே அண்ணா.

சேகர் மாமா: அந்தக் கம்பி மூன்று வாரத்தில் செத்தும் போனது மாலா. வேலை செய்யவில்லையே என்று அளவுக்கு மீறி மின்சாரத்தை ஏற்றினார்கள். நிலைத்து நின்ற கம்பி 1866-இல்தான் வந்தது.

சேகர் மாமா: எனக்கு மெய்சிலிர்க்கிற இடம் இனிமேல்தான். 1871-க்குள் சென்னையிலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஹாங்காங் என்று கடலடிக் கம்பி வந்துவிட்டது. நம் ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாள்கணக்கில் அலையில் ஆடி வந்து இறங்கிய அதே கடலுக்கு அடியில், இந்தக் காட்டு மரத்தின் பாலைப் போர்த்திக்கொண்டு சேதி ஓடியிருக்கிறது.

கவின்: மாமா, இதை ஏன் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை?

யாழினி: அந்தப் பால் கடலில் எவ்வளவு நாள் தாங்கும் தெரியுமா? கொஞ்ச வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்து, பிரான்சு, நெதர்லாந்துக் கடற்கரைகளில் ரப்பர் பலகை மாதிரித் துண்டுகள் ஒதுங்கின. மேலே 'சிபெதிர்' என்று பொறித்திருந்தது. தேடிப் பார்த்தால் அது ஜாவாவில் இருந்த ஒரு கெத்தா பெர்ச்சா தோட்டத்தின் பெயர். 1917-இல், முதல் உலகப் போரில் மூழ்கிய மியாசாக்கி மாரு என்ற ஜப்பானியக் கப்பலின் சரக்காக இருக்கும் என்று கருதுகிறார்கள். ஏறக்குறைய நூறு வருடம் தண்ணீரில் கிடந்தும் எழுத்துகூட அழியவில்லை.

மாலா சித்தி: அடேயப்பா.

சேகர் மாமா: கோல்ஃப் பந்தும் 1848 முதல் இதில்தான் செய்தார்கள். புதுப் பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பந்து நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்துத்தான் வேண்டுமென்றே கீற ஆரம்பித்தார்கள். இன்றைய பந்தில் இருக்கும் குழிகள் அப்படி வந்தவை.

பாட்டி: குரல் பதிவு (0:09)

மாலா சித்தி: அம்மா ஒன்று கேட்கிறார்கள். "அந்த மரத்திலும் பால் வெட்டித்தான் எடுத்தார்களா?"

சேகர் மாமா: இல்லை அம்மா. மரத்தையே சாய்த்துவிட்டார்கள்.

யாழினி: ஆமாம் பாட்டி. பால்மரத்தில் பட்டைக்குள் பால்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஓர் இடத்தில் வெட்டினால் சுற்றியிருக்கும் பாலும் வடியும். தாபானில் பால் சின்னச் சின்னப் பைகளில் தனித்தனியாக நிற்கிறது. வெட்டிய இடத்தில் இருப்பது மட்டும்தான் வரும். அதனால் மரத்தை வெட்டிப் போட்டு, நெடுக வளையம் வளையமாகக் கீறி எடுத்தார்கள். கம்பிக்குத் தேவை ஏற ஏற, மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் லட்சக்கணக்கில் போய்விட்டன. சிங்கப்பூரில் 1850-களிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

பாட்டி: குரல் பதிவு (1:52)

மாலா சித்தி: கேட்க முடியாதவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன். அம்மா சொல்வது:

"பாவம் அந்த மரம். எங்களுக்குக் கங்காணி முதல் நாளே சொன்னது, மரத்துக்குக் காயம் படக்கூடாது. பட்டையை மட்டும் ரூபாய்த்தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி உள்ளே இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகப் போய்விடும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. இருட்டோடு பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவோம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். வெட்டி முடித்துவிட்டு வந்து, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் இருப்பதை வாளியில் ஊற்றுவோம். மறுநாள் வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டு திரும்ப வெட்டுவோம். சீவிய பட்டை சில வருடத்தில் திரும்ப வளர்ந்துவிடும். நான் வெட்டிய மரத்தையே என் மகளும் வெட்டினாள்."

கவின்: பாட்டி, நீங்கள் சொன்னதை மூன்று தடவை கேட்டேன்.

சேகர் மாமா: அம்மா, அந்த மாதிரி மரத்தைக் கொல்லாமல் சீவி எடுக்கிற முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்பவர் சோதித்து உறுதிப்படுத்தினார். நாட்டில் முதலில் நட்ட பால்மரங்களில் ஒன்று, 1877-இல் வைத்தது, கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது.

பாட்டி: குரல் பதிவு (0:14)

மாலா சித்தி: "ரிட்லி யாரோ, நல்லா இருக்கட்டும். என் கத்தி இன்னும் பெட்டியில் துணி சுற்றி இருக்கிறது. கவினுக்குப் பல் சரியானதும் வரச் சொல், பிடிக்கிற விதம் காட்டுகிறேன்."

கவின்: சனிக்கிழமை காலை ஃபெர்ரியில் வருகிறேன் பாட்டி. அக்காவும் வருகிறாள்.