மறுமொழி: ரெயில்ஹெட் = முனையம்?

> முனையம் என்றே வைத்துவிடலாம். இருக்கிற சொல் போதாதா?

போதாது ஐயா. முனையம் நகராது. 1860களில் அமெரிக்காவின் குறுக்கே போட்ட ரயில்பாதைக்கு ஒமாஹாவும் சாக்ரமெண்டோவும் முனையங்கள், சரி. ரெயில்ஹெட் (railhead) என்று நாம் தமிழ்ப் பெயர் தேடுவது, பாதை போடும்போது கடைசியாகப் போட்ட தண்டவாளம் முடிகிற இடத்துக்கு. நாளைக்கே அது சில மைல் தள்ளிப் போயிருக்கும்.

யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் ஒமாஹாவிலிருந்து மேற்கே (சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே வந்தது சென்ட்ரல் பசிபிக் நிறுவனம்) பாதை போட்டபோது எல்லாமே அந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தது. மண்வேலைக்காரர்கள் வெகுதூரம் முன்னால் போய்க் கரை கட்டி வைப்பார்கள். ஆனால் தண்டவாளம், சிலீப்பர் கட்டை, ஆணி எல்லாம் புதிதாகப் போட்ட பாதை வழியாகவே வந்து சேர வேண்டும். மைலுக்குச் சுமார் 40 வேகன் சரக்கு! ஆட்கள் உண்ண, உறங்கவும் ரயில்பெட்டிகள்தான். சாராயக் கடைகளும் சூதாட்டக் கூடாரங்களும் பின்னாலேயே வரும். வயோமிங்கில் பென்டன் என்ற ஊர் 1868இல் முளைத்துச் சில மாதங்களில் காணாமலே போனது.

பயணிகளுக்கும் இந்த இடம் முக்கியம். 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ராமன்டரியில் இரண்டு பாதைகளும் சேரும்வரை, ஒரு பக்கத்து ரயிலைவிட்டு இறங்கி, குதிரை வண்டியில் இடைவெளியைக் கடந்து, மறுபக்கத்து ரயிலைப் பிடித்தார்கள்.

என் பரிந்துரை: தடநுனி. ‘முனை’ என்றால் முடிந்துபோன மாதிரி ஒலிக்கிறது. நுனி, கொடியின் நுனிபோல, இன்னும் வளரும். தடநுனி முகாம், தடநுனி ஊர் என்று கூட்டுச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன.

---

> தடநுனி

எனக்குச் சம்மதம், ஒரு சிக்கலைத் தவிர. சென்ட்ரல் பசிபிக் பாதையில், சியரா நெவாடா மலைத்தொடரின் உச்சிச் சுரங்கம் 1,659 அடி நீளம். சீனத் தொழிலாளர்கள் கருங்கல்லைக் குடைந்து ஒரு முகப்பில் நாளுக்கு ஓரடி, இரண்டடிதான் முன்னேற முடிந்தது. அது முடியும்வரை காத்திருக்காமல் சென்ட்ரல் பசிபிக் மூன்று எஞ்சின்களைப் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி மலைக்கு அந்தப்பக்கம் இறக்கி, அங்கேயும் பாதை போட ஆரம்பித்துவிட்டது. சாக்ரமெண்டோவோடு ஒட்டாத அந்தத் துண்டுப் பாதைக்கும் நுனி உண்டு, ஆனால் சரக்கு ரயிலில் வந்து சேராது. ஆகவே சொல்லின் விளக்கத்தில் ‘சரக்கு ரயில் எட்டும் கடைசி இடம்’ என்று எழுதாமல், ‘தண்டவாளம் போடும் வேலை நடக்கும் முன்விளிம்பு’ என்று எழுதுவோம். ராணுவத்தார் சரக்கை இறக்கி வண்டிக்கு மாற்றும் இடத்தையும் ரெயில்ஹெட் என்பார்கள். அதற்கு ‘இறக்குமுனை’ என்று தனிப்பதிவு போடலாமா?