தாத்தாவை "போபோ" என்றால்?

யாங்கோனில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து மகள் தாத்தாவை "போபோ" என்கிறாள், பர்மியப் பிள்ளைகள் தாத்தாவைச் செல்லமாக அழைப்பது அப்படித்தான். அப்பாவுக்கோ விரட்டுகிற மாதிரி கேட்கிறதாம், கூப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார்! உங்கள் வீட்டில் எப்படி?

பதில்: நாங்களும் பர்மாதான், மோல்மேன் ஊர். பூர்வீகம் சிவகங்கைப் பக்கம் என்பதால் "ஐயா"தான். என் மகனுக்கு அது வாயில் வராமல் "யாயா" ஆனது, இப்போது அவனுக்கு மீசையே முளைத்துவிட்டது, இன்னும் யாயாதான். டீக்கடைக்காரரும் அப்படியே கூப்பிடுகிறார்.

பதில்: திருத்தாதீர்கள். வெற்றிலை இடிக்கிற சத்தத்துக்காக எங்கள் தாத்தா "டொக்குத் தாத்தா".

கேட்டவர்: சரி, "போபோத் தாத்தா" என்று சொல்லிக்கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டார்.