மாட்ரிட் பயணக் குழு: ஒரே நாளில் இரண்டு நகரங்களா?

(குடும்பக் குழுவின் உரையாடல். உறவுப் பெயர்கள் மாட்ரிடில் இருக்கும் செல்வி அழைக்கும்படி; அருண், பெரியப்பாவின் மகன்.)

அருண் அண்ணா: அனைவருக்கும் வணக்கம். அக்டோபரில் மாட்ரிடில் தங்கும் ஐந்து நாள்களில் ஒரு நாளைப் பழைய நகரங்களுக்கென்று ஒதுக்குவதாகப் பேசியிருந்தோம் அல்லவா? எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாத சிறு குழுச் சுற்றுலா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்குப் புறப்பட்டு, டொலேடோ, செகோவியா இரண்டையும் காட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்குள் விடுதியில் இறக்கிவிடுவார்களாம். நாம் ஆறு பேர் என்பதால் வண்டி ஏறக்குறைய நமக்கே சொந்தம் மாதிரிதான். எல்லோரும் சரி என்றால் நாளைக்கு முன்பணம் கட்டிவிடுகிறேன்.

பெரியம்மா: வேன் வாசலுக்கே வரும் என்றால் எனக்கு நிம்மதி. போன வருடம் முழங்காலுக்கு ஊசி போட்ட பிறகு, படிக்கட்டு என்றாலே யோசிக்க வேண்டியிருக்கிறது.

செல்வி: அருண் அண்ணா, முன்பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். டொலேடோ மாட்ரிடுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது. செகோவியாவோ வடமேற்கே மலைத்தொடரைத் தாண்டிச் சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மறுபடியும் மாட்ரிடைக் கடந்துதான் போக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் நெடுஞ்சாலையிலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். போக்குவரத்து நெரிசலை நான் இதில் சேர்க்கவே இல்லை. சாப்பாட்டுக்கும் இறங்கி ஏறுவதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால், ஒரு நகரத்துக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

அருண் அண்ணா: நீ சொல்வது கணக்கில் சரிதான். ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒன்றை விட்டுவிடவும் மனம் வரவில்லையே. வண்டியில் வழிகாட்டி வரலாறு முழுவதையும் சொல்லிக்கொண்டே வருவார், நுழைவுச்சீட்டுக்கும் நாம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

செல்வி: எந்த எந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு அடங்கும் என்பதை அந்த விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள் அண்ணா. பேராலயத்தை மட்டும் உள்ளே காட்டிவிட்டு மற்றவற்றை வெளியே நின்று காட்டும் சுற்றுலாக்கள் இங்கே நிறைய உண்டு. டொலேடோவில் பார்க்க வேண்டியதெல்லாம் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறது.

பெரியப்பா: நான் காலையிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. என்னைக் கேட்டால் டொலேடோவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். 1085-இல் காஸ்டில் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரசர் ஆறாம் அல்போன்சோ அந்த நகரத்தை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றியபோது, அரபு நூல்களும் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கேயே தங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து ஜெரார்ட் என்பவர் பழங்கால கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடிக்கொண்டு அங்கே போய், அரபு கற்று, 1175 வாக்கில் அதை லத்தீனில் முடித்தார். நம் பஞ்சதந்திரம்கூட பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபுக்கு வந்து, 1251-இல் பத்தாம் அல்போன்சோ இளவரசராக இருந்தபோது காஸ்டிலிய மொழியில், அதாவது பழைய ஸ்பானிய மொழியில், எழுதப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன், அந்த மொழிபெயர்ப்புப் பள்ளியைப் பார்க்காமல் திரும்பினால் நன்றாகவா இருக்கும்?

செல்வி: பெரியப்பா, உங்களை ஏமாற்றக் கூடாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் "பள்ளி" என்பது ஒரு கட்டடம் அல்ல. பேராலயத்தைச் சுற்றியும் பேராயர்களின் ஆதரவிலும் இயங்கிய அறிஞர் கூட்டத்துக்குப் பிற்காலத்தார் வைத்த பெயர். வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஓர் இடம் கிடையாது. ஆனால் அந்தக் கலப்பு எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், 999-இல் கட்டிய சிறிய மசூதி ஒன்று பிற்காலத்தில் தேவாலயமாக்கப்பட்டு இன்றும் நிற்கிறது, கிறிஸ்தோ தெ லா லுஸ் என்று பெயர். யூதர் குடியிருப்பில் சாந்தா மரியா லா பிளாங்கா இருக்கிறது. கிறிஸ்தவ அரசின் கீழ், யூதர்கள் வழிபடுவதற்காக, இஸ்லாமியக் கட்டடப் பாணியில் எழுப்பிய தொழுகைக்கூடம் அது. வெள்ளைச் சுண்ணம் பூசிய எண்கோணத் தூண்களும், குதிரைலாட வளைவுகளும், தூண் உச்சியில் பைன் காய் வடிவில் கொத்திய வேலைப்பாடும் இருக்கும். உள்ளே போனவர்கள் முதலில் அதை மசூதி என்றுதான் நினைப்பார்கள். பெயரோ, பிற்காலத்தில் தேவாலயமாக்கியபோது வந்த மாதா கோயில் பெயர்.

பெரியப்பா: 1492-இல் யூதர்களை வெளியேற்றிய பிறகு அந்தத் தெருக்களில் யார் குடியிருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நடக்க வேண்டிய இடம் அது. இரண்டரை மணி நேரத்தில் ஓடிப் பார்க்க முடியாது.

அப்பா: அண்ணா, நீங்கள் சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த என்னைச் செகோவியாவின் நீர்ப்பாலத்தைப் பார்க்க விடாமல் அழைத்துவந்தால் நான் பேசவே மாட்டேன். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர் கட்டியது, மிக உயர்ந்த இடத்தில் 28 மீட்டர், கருங்கற்களுக்கு இடையே சாந்து என்பதே இல்லை. கற்களின் எடையும் வளைவின் அழுத்தமும்தான் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துகின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சிறு குழி தெரியுமாம். பாரம் தூக்கும் இடுக்கியின் முனை அதில்தான் பிடித்திருக்கிறது. இடையில் சிதைந்த 36 வளைவுகளைப் பதினைந்தாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழைய வேலை எங்கே முடிகிறது, புதிய வேலை எங்கே தொடங்குகிறது என்று நான் நின்று பார்க்க வேண்டும்.

அருண் அண்ணா: பார்த்தாயா செல்வி, அதற்காகத்தான் இரண்டையும் சேர்க்கும் சுற்றுலாவைப் பிடித்தேன். பெரியவர்கள் இருவருக்கும் ஒரே நாளில் வேலை முடியும்.

செல்வி: முடியாது அண்ணா, இருவருமே பாதி பார்த்துவிட்டுப் பாதியில் கிளம்ப வேண்டியிருக்கும். மாட்ரிடின் அத்தோச்சா நிலையத்திலிருந்து டொலேடோவுக்கு அதிவேக ரயிலில் 33 நிமிடம்தான் ஆகிறது. செகோவியாவுக்குச் சாமர்த்தின் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு முழு நாளை டொலேடோவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றொரு நாள் காலையில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் செகோவியாவுக்குப் போய் மதியம் திரும்பிவிடலாம். அந்த நிலையம் ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருப்பது ஒன்றுதான் குறை. ஆனால் ரயில் நேரத்தை ஒட்டி வரும் நகரப் பேருந்து நீர்ப்பாலத்தின் அருகிலேயே இறக்கிவிடும்.

பெரியம்மா: எல்லோரும் ரயில் என்கிறீர்கள், என் முழங்காலை யாரும் நினைக்கவில்லையே.

செல்வி: மறக்கவில்லை பெரியம்மா. டொலேடோ ரயில் நிலையம் கீழே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, ஊர் மேலே குன்றில் இருக்கிறது. நிலைய வாசலிலேயே டாக்சி கிடைக்கும். மேலே ஏறிப் பேராலயத்தின் அருகில் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து மேற்கே யூதர் குடியிருப்பு வரை நடந்தால் பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும்.

பெரியம்மா: ஏற்றத்தைவிட இறக்கம்தான் என் முழங்காலுக்குப் பகை, செல்வி. வயதானால் உனக்கும் தெரியும்.

செல்வி: அப்படியானால் பேராலயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நீங்களும் அம்மாவும் மறுபடி டாக்சியில் சாந்தோ தோமே தேவாலயத்துக்கு வந்துவிடுங்கள், நாங்கள் நடந்து வருகிறோம். தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்திருப்பதால் செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள ஷூ இருந்தால்தான் கால் நிற்கும்.

அம்மா: அக்கா, நானும் உங்களுடனேயே டாக்சியில் வருகிறேன், கவலைப்படாதீர்கள். செல்வி, பேராலயத்தில் உட்கார்ந்து பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

செல்வி: 1226-இல் தொடங்கி 1493-இல் முடித்த கோத்திக் பேராலயம் அம்மா. அதன் பின்புறம் இருட்டாக இருந்த இடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் நார்சிசோ தோமே என்ற சிற்பி கூரை வளைவையே உடைத்துத் திறந்து, மேலே இருந்து வெளிச்சம் நேராகப் பலிபீடத்தின் மேல் விழும்படி செய்திருக்கிறார். அதைச் சுற்றிப் பளிங்கிலும் வெண்கலத்திலும் தேவதூதர்களைக் குவித்து வைத்திருக்கிறார். எனக்கு அந்தக் குவியல் கொஞ்சம் திகட்டும், வெளிச்சம் திகட்டாது. வெயில் இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும், அதனால்தான் காலை ரயிலைச் சொல்கிறேன்.

பெரியப்பா: சாந்தோ தோமேயில்தானே எல் கிரேக்கோவின் ஓவியம் இருக்கிறது?

செல்வி: ஆமாம் பெரியப்பா, "ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்" அங்கேதான் இருக்கிறது. 1586 முதல் 1588 வரை அந்தத் தேவாலயத்துக்கென்றே வரைந்தார், இன்றுவரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பிரபு தம் ஊரார் ஆண்டுதோறும் அந்தத் தேவாலயத்துக்கு ஆடு, கோழி, திராட்சை மது, விறகு, பணம் எல்லாம் தர வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு 1323-இல் இறந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஊரார் கொடுப்பதை நிறுத்த, பங்குத்தந்தை வழக்குப் போட்டு வென்று, அதன் பிறகுதான் இந்த ஓவியத்துக்கு ஏற்பாடு செய்தார். ஓவியம் முடிந்ததும் கூலி எவ்வளவு என்று தேவாலயத்துக்கும் ஓவியருக்கும் இன்னொரு வழக்கு. கீழே இடது பக்கம் ஒரு சிறுவன் பிரபுவின் உடலைச் சுட்டிக்காட்டுகிறான். அவன் ஓவியரின் மகன், அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் அவன் பிறந்த ஆண்டான 1578 எழுதியிருக்கும். முன்னால் நிற்கும் கூட்டம் விலகக் கொஞ்சம் காத்திருந்தால் தெரியும்.

பெரியப்பா: நம் கோயில் கல்வெட்டுகளில் அணையாத நந்தா விளக்கின் நெய்க்காக, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய "சாவா மூவாப் பேராடு" விட்ட கதை அப்படியே இங்கே நடந்திருக்கிறதே! இதை நின்று நிதானமாகக் கேட்க வேண்டும்.

அருண் அண்ணா: சரி, டொலேடோவுக்கு ஒரு முழு நாள் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வழிகாட்டி இல்லாமல் போனால், இவ்வளவையும் செல்விதான் மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். அப்புறம், பெரியவர்கள் செகோவியாவை வெறும் பாலம் என்று ஒதுக்க வேண்டாம். அப்பா, அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலைச் செஸ்டர் நகரத்து ராபர்ட் என்பவர் 1145-இல் லத்தீனில் மொழிபெயர்த்தது டொலேடோவில் அல்ல, செகோவியாவில்.

பெரியப்பா: உண்மையாகவா? இத்தனை ஆண்டு அல்ஜீப்ரா நடத்தியும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

செல்வி: அண்ணா சொல்வது சரிதான் பெரியப்பா, ஆனால் அதற்கும் அங்கே பார்க்க ஒரு கட்டடத்தை எதிர்பார்க்காதீர்கள். செகோவியாவில் நீர்ப்பாலம், கடைசியாகக் கட்டிய கோத்திக் பேராலயங்களில் ஒன்று, பாறை முனையில் நிற்கும் அல்காசார் கோட்டை ஆகியவைதான் முக்கியம். 1474-இல் இசபெல்லா அந்த ஊரில்தான் காஸ்டிலின் அரசியாக அறிவிக்கப்பட்டார். கோட்டை 1862-இல் தீயில் எரிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. கோபுரத்துக்கு 152 படிகள், பெரியம்மா அந்தப் பக்கமே வர வேண்டாம்.

வழிகாட்டியைப் பற்றி அண்ணா சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிறு குழுவின் பலனே அங்கேதான் இருக்கிறது. ஐம்பது பேர் கூட்டத்தில் சாந்தோ தோமேயின் சின்ன அறையில் நின்றால் வழிகாட்டியின் குரலும் கேட்காது, கைக்குட்டையும் தெரியாது. ஆனால் நாம் ஆறு பேரே ஒரு சிறு குழுதானே? அரசு உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை டொலேடோவிலேயே மூன்று மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். வேனுக்கும் நெடுஞ்சாலைக்கும் கொடுக்கும் பணத்தை அவருக்குக் கொடுப்போம். வேன்காரர்கள் ஆற்றின் எதிர்க்கரை மேட்டில் நிறுத்தி ஊர் முழுவதையும் காட்டுவார்கள், அது மட்டும் ரயிலில் போனால் கிடைக்காது. மாலையில் டாக்சியில் அந்த மேட்டுக்குப் போய்விட்டு அப்படியே நிலையத்துக்கு இறங்கிவிடலாம்.

அம்மா: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? முட்டைகூடத் தொடாத என்னை வைத்துக்கொண்டு அந்த ஊரில் எங்கே போவீர்கள்?

செல்வி: செகோவியாவின் பெருமையே பால்குடிப் பன்றிக்குட்டி வறுவல்தான் அம்மா; அங்கே பெரிய வெள்ளை அவரைக் குழம்பு என்று நம்பி வாங்கினால் அதிலும் பெரும்பாலும் பன்றிக் கறி இருக்கும். டொலேடோவில் பிஸ்தோ என்று கத்தரிக்காய், சுரைக்காய் மாதிரி ஒரு காய், குடைமிளகாய், தக்காளி வதக்கித் தருவார்கள், மேலே முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். "காய்கறி சாண்ட்விச்" என்று பலகையில் இருந்தால் நம்பாதீர்கள். இங்கே அதற்குள் சூரை மீனும் முட்டையும் வைப்பது வழக்கம். நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன். பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் மசபான் டொலேடோவின் பண்டம், கன்னியர் மடங்களிலும் விற்பார்கள். மேலே முட்டை பூசிச் சுட்டதா என்று கேட்டு வாங்கித் தருகிறேன்.

அப்பா: அப்படியானால் டொலேடோவுக்கு எந்தக் கிழமை?

செல்வி: திங்கள் வேண்டாம், ஸ்பெயின் யூதர்களைப் பற்றிய செஃபார்தி அருங்காட்சியகமும் எல் கிரேக்கோ அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள். வார இறுதியில் ரயில் இடங்களும் சீக்கிரம் தீர்ந்துவிடும். நீங்கள் வந்த களைப்புத் தீர்ந்து வியாழக்கிழமை போகலாம், வெள்ளி காலை செகோவியா.

அருண் அண்ணா: நான் முன்பணம் கட்டவில்லை. வியாழனுக்கு ஆறு சீட்டு, வெள்ளிக்கு அப்பா, சித்தப்பா, நான் என்று மூன்று சீட்டு எடுத்துவிடு. அப்பா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 1145 என்றதும் நீங்கள் வராமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

பெரியப்பா: வருகிறேன், ஆனால் கோபுரம் ஏற மாட்டேன். நீங்கள் இருவரும் ஏறுங்கள், நான் கீழே சதுக்கத்தில் காபி குடிக்கிறேன்.

செல்வி: அப்படியானால் எல்லோரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், இந்தக் குழுவில் போட வேண்டாம். அத்தோச்சாவில் ரயில் ஏறுவதற்கு முன் பைகளைச் சோதிப்பார்கள், அதனால் அரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். அம்மா, ஊறுகாய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் விமானப் பெட்டியிலேயே போட்டுக் கொண்டுவாருங்கள்.