பின்களர்: நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பனி ஹாக்கி வீரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. அவர் ஆடிய இடத்தை ஆங்கிலத்தில் 'டிஃபென்ஸ்மேன்' என்பார்கள்: தன் கோல் காப்பாளருக்கு முன்னால், பின்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவர். அதற்குத் தமிழில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பனி ஹாக்கிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் விவாதத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக அவருடைய ஆட்டத்தோடு ஒட்டிப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

'தற்காப்பு ஆட்டக்காரர்' வேண்டவே வேண்டாம். தற்காப்பு என்றால் தன்னைக் காத்துக்கொள்வது. லிட்ஸ்ட்ரோமுக்கு முன்பே ஸ்வீடனிலிருந்து போய் 1973இல் டொரண்டோ அணியில் சேர்ந்த பொர்யே சால்மிங், எதிரணி அடிக்கும் வட்டின் (பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் அடிக்கும் தட்டையான ரப்பர் வில்லை) குறுக்கே உடம்பைக் கிடத்தியவர். 1986இல் ஒரு சறுக்குக் காலணியின் கத்தி முகத்தில் கிழித்து 200க்கும் மேற்பட்ட தையல்கள் போட்டார்கள். அந்த மனிதர் காத்தது தன்னையா? 'காப்பாளர்' என்றால் கோல் காப்பாளரோடு குழம்பும்.

'தடுப்பாட்டக்காரர்' நாளிதழ்களில் பழகிய சொல். என் மறுப்பு அதன் நீளத்தின்மேல் மட்டும் அன்று. அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. தடுத்த பிறகுதான் இவர்களுடைய மறுபாதி ஆட்டம் தொடங்குகிறது. லிட்ஸ்ட்ரோம் எதிரியை மோதி வீழ்த்துவது குறைவு. எதிரி வரப்போகும் பாதையில் முன்கூட்டியே நின்று, மட்டையை நீட்டி வட்டைத் தட்டிப் பறித்து, தலையை நிமிர்த்தி, ஓடத் தொடங்கியிருக்கும் தன் முன்களத் தோழனுக்கு அனுப்பிவிடுவார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய 1,564 ஆட்டங்களில் அவர் தண்டனையாக வெளியே உட்கார்ந்தது 514 நிமிடங்கள்தான். அடித்த கோல்கள் 264, கோல் உதவிகள், அதாவது தோழர் கோல் அடிக்க வட்டை அனுப்பிக் கொடுத்தவை, 878. உடம்பைக் கிடத்தித் தடுத்த சால்மிங்கின் கணக்கிலும் 637 கோல் உதவிகள் இருக்கின்றன. இவர்களைத் தடுப்பவர் என்று மட்டும் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோட்டையைக் காக்கும் திணையின் பெயரால் 'நொச்சியர்' என்று வைக்கலாம் என்ற பரிந்துரை என்னை மிகவும் ஈர்த்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நொச்சி சூடியவர்கள் மதிலை விட்டு வெளியே வருவதில்லை. இவர்களோ தம் அணி தாக்கும்போது எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோடு வரை போய் நிற்க வேண்டும். வட்டு அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் தாக்குபவர்கள் அத்தனை பேரும் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும் என்பதால், அதை உள்ளேயே வைத்திருப்பதும் இவர்கள் பொறுப்பு. 2006 டுரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்வீடனும் பின்லாந்தும் 2-2. மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்தே நொடிகள். சக ஸ்வீடன் வீரர் மட்ஸ் சுந்தின் பின்னால் விட்டுக்கொடுத்த வட்டை லிட்ஸ்ட்ரோம் ஓங்கி அடித்தார். அதுதான் தங்கப் பதக்கத்தை வென்ற கோல். நொச்சி அந்தக் கணத்தைத் தாங்காது.

ஆகவே செயலை விட்டுவிட்டு, நிற்கும் இடத்தால் பெயரிடலாம் என்கிறேன். ஸ்வீடன்காரர்களே இவர்களை 'பாக்' என்றுதான் சொல்கிறார்கள். பின்னால் நிற்பவர் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. நம்மிடம் 'பின்கள வீரர்' ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுருக்கி 'பின்களர்' எனலாம். புலம், புலவர் ஆனதுபோல 'பின்களவர்' என்பதே முறை என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வீர்கள். சரிதான், ஆனால் களவர் என்றால் திருடர். வீரம், வீரர் ஆன வழியில் பின்களர் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். எதிர்ச்சொல்லாக 'முன்களர்' தானே வந்து நிற்கிறது. இவர்கள் இருவர் இருவராகவே களமிறங்குவதால் 'பின்களச் சோடி' என்பதும் தேவைப்படும். அமெரிக்காவின் டெட்ராய்ட் அணியில் ஆடிய முதல் பருவத்தில் லிட்ஸ்ட்ரோமின் சோடி பிராட் மெக்கிரிமன், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அந்தப் பருவத்தில் இளைஞர் 60 புள்ளிகள் (கோல்களும் கோல் உதவிகளும் சேர்ந்த கணக்கு) எடுத்ததில் மூத்தவரின் நிழலும் உண்டு.

வட்டு, அரங்கு இரண்டுக்கும் விவாதமே வேண்டியதில்லை. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று குறளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உருட்டும் பந்து இல்லாத ஆட்டத்துக்கு 'வளைதடிப் பந்தாட்டம்' என்ற பெயரும் ஒட்டாது. மட்டைக்குக் 'கோல்' என்ற பரிந்துரையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அடிக்கும் கோலும் விழும் கோலும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் திணறுவார்.

அரங்கு என்ற சொல்லில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் வழக்கமான அரங்கின் அகலம் 30 மீட்டர். வட அமெரிக்காவில் 85 அடி, ஏறத்தாழ 26 மீட்டர். கடல் கடந்து போகும் பின்களருக்கு மொழியும் உணவும் மட்டுமா மாறுகின்றன? காலடியில் இருந்த நான்கு மீட்டர் பனியே காணாமல் போகிறது. எதிரி அந்த அளவுக்கு விரைவாக வந்து மேலே விழுவான். யோசிக்கக் கிடைக்கும் நேரமும் சுருங்கும். ஸ்வீடனின் வெஸ்தெரோஸ் அணியிலிருந்து 1991இல் போன 21 வயதுப் பையன் லிட்ஸ்ட்ரோம் அந்தக் குறுகிய அரங்கில் 20 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடி, சிறந்த பின்களருக்கான நாரிஸ் கோப்பையை 7 முறை வாங்கினார். 2012இல் ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு வெஸ்தெரோஸுக்கே திரும்பினார்.

என் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது (ஸ்டான்லி கோப்பை என்பது அந்த லீக்கின் வாகையர் கோப்பை): 'நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியுடன் நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற ஸ்வீடன் நாட்டுப் பின்களர்.' வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்காவது இடறினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்.