செவன் சாமுராய் 4கே: கிரைட்டீரியனா, பிஎஃப்ஐயா?

டிஸ்க் சேர்ப்பவர்களிடம் ஒரு உதவி. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) படத்தின் 4கே டிஸ்க் வாங்கலாம் என்றிருக்கிறேன். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டதா, பிரிட்டனின் பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) வெளியிட்டதா என்பதில்தான் குழப்பம்.

4கே யூஎச்டி டிஸ்க்குக்கு ரீஜன் (எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) தொல்லை இல்லை, எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். ஆனால் கூடுதல் வீடியோக்கள் சாதாரண புளூரேயில் இருந்தால் சிக்கல். புளூரே ரீஜனில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, நாம் சி. என் பிளேயரோ இந்தியாவில் வாங்கியது, ரீஜனை மாற்ற வழியில்லை.

எக்ஸ்ட்ராவில் என் மனம் கிரைட்டீரியன் பக்கம். படம் ஓடும்போதே ஐந்து சினிமா ஆய்வாளர்கள் விளக்கிப் பேசும் கமென்டரி, ஆய்வாளர் மைக்கேல் ஜெக் தனியாகப் பேசுவது இன்னொன்று, அப்புறம் இயக்குநர் நாகிசா ஓஷிமா குரோசவாவிடம் இரண்டு மணி நேரம் உரையாடுவது. அதற்காகவே காசு கொடுக்கலாம்!

விலைதான் இடிக்கிறது. ஜூலை, நவம்பரில் அமெரிக்கப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிளில் கிரைட்டீரியன் பாதி விலைக்குக் கிடைக்கும், சரி. ஆனால் மிச்சமாவதைக் கூரியரும் கஸ்டம்ஸும் விழுங்கிவிடுமே.

இரண்டையும் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கடைசி மழைச் சண்டையில் கறுப்பு நிறமும் ஃபிலிம் கிரெயினும் (பழைய பிலிமின் மணல் போன்ற புள்ளிகள்) எதில் நன்றாக இருக்கிறது? பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்ததா, கஸ்டம்ஸ் எவ்வளவு போட்டார்கள் என்றும் சொல்லுங்கள். அட்டைப் பெட்டி நசுங்கினால் எனக்குத் தூக்கம் வராது.