கண்ணாடிப் பாலத்தின் மேல் ’98 என்ற எண்

தக்கலை இருட்டறை:
பறக்கைத் தம்பி நேற்று ஒரு படத்தைப் பதிவிட்டு, “ஹூஜி கேம் செயலியில் எடுத்தேன், பிலிமில் எடுத்த படத்துக்கும் இதற்கும் வேறுபாடு காண எவராலும் முடியாது” என்று எழுதியிருந்தார். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் அதில் தெளிவாகத் தெரிகிறது. கீழ் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் ’98 என்று ஆண்டு இருக்கிறது. அந்தப் பாலம் திறக்கப்பட்டது 2024 டிசம்பர் 30 அன்று. சிலையே 2000 சனவரி 1 அன்றுதான் திறக்கப்பட்டது. இதற்கு மேலும் வேறுபாடு வேண்டுமா?

பறக்கைக்காரன்:
அண்ணாச்சி, 1998இன் தோற்றத்தைத் தருவதுதான் அந்தச் செயலியின் வேலை. எண் வெறும் அலங்காரம். நான் பேசியது ஓரத்தில் கசியும் ஒளியையும் நிறத்தையும் கிரெயின் என்கிற பொடிப்புள்ளிகளையும் பற்றி.

தக்கலை இருட்டறை:
கிரெயின் என்பது படத்தின் மேல் தூவுகிற பொடி அன்று. ஒளி பட்ட வெள்ளி உப்பு, பிலிம் கழுவும் டெவலப்பர் கரைசலில் வெள்ளியாக மாறி நிற்பதே கிரெயின். அதை நீக்கினால் படமே இல்லை. டி-76 என்ற டெவலப்பரை 20 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அந்த அளவுக்கு எங்கே குளிர்ந்திருக்கும்? மீனுக்குப் போடும் ஐஸ்கட்டியை வாங்கி உடைத்து, வட்டகையில் பிலிம் இருக்கும் டேங்கைச் சுற்றிப் போட்டு, விரலை விட்டுப் பார்த்துப் பார்த்துக் கழுவிய கை இது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ பிலிம் எத்தனை சுருள் கழுவியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து வேறுபாடு தெரியாது என்கிறீர்கள். 98இல் பாலம் ஏது?

முட்டம் அலைகள்:
ஒரு திருத்தம். நீங்கள் சொல்வது கறுப்பு வெள்ளைக்குப் பொருந்தும். தம்பியின் செயலி காட்டுவது வண்ணப் பிலிமின் தோற்றத்தை. வண்ணப் பிலிமில் வெள்ளி முழுவதும் கழுவி அகற்றப்பட்டு, சாயம் மட்டுமே மிஞ்சும். இருட்டறையில் இத்தனை ஆண்டு இருந்தவர் இதை விட்டுவிட்டுப் பேசலாமா?

தக்கலை இருட்டறை:
வெள்ளி இல்லாமல் அந்தச் சாயம் உருவாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டு, 98இல் அந்தப் பாலம் இருந்ததா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி:
பிலிம் கேமராவின் தேதி மட்டும் உண்மையா பேசியது? எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் தங்கை முதல் பிறந்தநாள் கேக்கை விரலால் தோண்டிக்கொண்டிருக்கிறாள். மூலையில் இருக்கும் தேதியோ அவள் பிறப்பதற்கு முந்தைய ஆண்டைக் காட்டுகிறது. பேட்டரி மாற்றிய பிறகு அப்பா தேதியைத் திருத்தவில்லை. அதையும் போலிப் படம் என்பீர்களா, அண்ணாச்சி?

தக்கலை இருட்டறை:
மறதி வேறு, புனைவு வேறு, அம்மா. உங்கள் அப்பாவின் கேமராவில் பின்மூடிக்குள் இருந்த சிறு விளக்கு அந்த எண்களைப் பிலிமின் மேலேயே ஒளியாகப் பதித்தது. தவறான தேதியாக இருந்தாலும் அது நெகடிவில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். தம்பியின் 98 எந்த நெகடிவில் இருக்கிறது?

பறக்கைக்காரன்:
சுசீந்திரம் தேரோட்டப் படத்தை நான் போட்டபோதும், வடம் பிடித்தவர்களின் முகம் கருத்துவிட்டது என்று பத்துப் பேர் முன்னிலையில் எழுதினீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஒரு சுருளில் 36 படம், அதற்கு விலை, கழுவத் தனிக்கூலி, கழுவ அனுப்பினால் வெளியூர். படிக்கிற பையனால் இது முடியுமா? குடாக் என்ற செயலி 24 படம் எடுத்த பிறகு மூன்று நாள் காக்க வைக்கும். ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுக்க நான் பழகியது அதில்தான். உங்கள் இருட்டறையை எனக்கு ஒருவரும் திறந்து காட்டவில்லையே.

தக்கலை இருட்டறை:
அந்த மூன்று நாளில் செயலி எதையும் கழுவவில்லை; பூட்டி வைத்துப் பிறகு திறக்கிறது, அவ்வளவுதான். தேர்ப் படத்தில் முகம் கருத்துத்தான் இருந்தது, இன்றைக்கும் அதையே சொல்வேன். பேச்சை மாற்ற வேண்டாம்.

முட்டம் அலைகள்:
வண்ணப் பிலிமைப் பற்றி நான் சொன்னதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

பறக்கைக்காரன்:
நாளை விடியற்காலை மறுபடியும் கன்னியாகுமரிக்குப் போகிறேன். அதே செயலியில், அதே எண்ணோடுதான் எடுப்பேன்.

தக்கலை இருட்டறை:
எடுங்கள். பாலத்தை மறைத்து எடுத்தாலும் சிலை நிற்கும். அதன் கீழே ’98 என்று இருந்தால் நானும் மறுபடி எழுதுவேன்.