அன்றாட நிகழ்வுகளிலிருந்து தியானம்: உங்கள் அனுபவம் தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

எங்கள் ஜெபக்குழுவில் வாரம் 10 நிமிடம் தியானம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வீட்டில் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களிலிருந்தே பேச ஆசை. போன வாரம் கம்மல் திருகாணி ஒன்று விழுந்துவிட்டது. போன் வெளிச்சத்தைத் தரையோடு சாய்த்துப் பிடித்து, கட்டிலுக்கு அடியில் பெருக்கிப் பெருக்கித் தேடினேன். தூசிக்கு நடுவே அது மினுங்கியதும், லூக்கா 15-இல் தொலைந்த வெள்ளிக்காசைத் தேடி, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கிய பெண்தான் நினைவுக்கு வந்தாள். பத்துக் காசில் ஒன்றுதானே என்று அவள் விட்டுவிடவில்லை!

ஆனால் மாற்றங்களைப் பற்றிப் பேசுவது கடினமாக இருக்கிறது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கை இன்னும் தானாக மூன்று தட்டை எடுக்கிறது. 75 வயதில் ஆரான் என்ற ஊரை விட்டுக் கிளம்பிய ஆபிராமைச் சொல்லலாம் (ஆதியாகமம் 12). சரி, அவர் புறப்பட்டுப் போனவர். நானோ வாசலில் நின்று வழியனுப்பியவள்.

வேலை, வீடு மாறியபோதோ, பிள்ளைகள் பிரிந்துபோனபோதோ உங்களைத் தாங்கிய வேதபகுதி எது? வசனத்தோடு, அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். வலிந்து பாடம் சொல்ல எனக்கு மனமில்லை.